அம்புக்குறி எந்தப் பக்கம்

அறிவியல் மிஸ் பிரசவத்துக்குப் போய்விட்டதால்
கணக்கு நடத்தும் நான்
மூன்று மாதமாக உயிரினங்களுக்கும் பொறுப்பு.
ஏழாம் வகுப்பு, ஆ பிரிவு.
ஜன்னலைத் திறந்தால் தக்காளிக் காடு,
அதைத் தாண்டி வேலந்தாவளம் சோதனைச்சாவடி,
அதைத் தாண்டினால் பேருந்தின் பெயர்ப்பலகை
வேறு எழுத்தில்.

புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு.
ஐந்தையும் எழுதி நடுவே நான்கு அம்பு போட்டேன்,
கழுகிலிருந்து பாம்பை நோக்கி.
வேட்டை அப்படித்தானே பாயும்.

தங்கவர்ஷா எழுந்தாள்.
"அம்பு திரும்பி நிக்குதுங் மிஸ்.
சோறு எங்க போகுதோ அங்கதான் பாக்கோணும்."

அழித்தேன்.
யார் யாரைத் துரத்துகிறார் என்பதல்ல,
யார் வயிற்றில் போய் நிற்கிறது என்பதுதான்
அந்தக் குறி.
கணக்கில் எங்களுக்கு இப்படி ஒன்று கிடையாது.

வீட்டுப்பாடம்:
நீங்கள் பார்த்த ஓர் உணவுச்சங்கிலி.
'பார்த்த'வின் கீழ் இரண்டு கோடு இழுத்தேன்.

முப்பத்தொரு நோட்டு வந்தது.
பாதியில் அதே புல், அதே வெட்டுக்கிளி,
கைடிலிருந்து தாவி வந்தவை.
நான்கில் தக்காளி, பிறகு மயில், பிறகு ஒன்றுமில்லை;
மயிலைத் தொட்டால் கேஸ் ஆகிவிடும் என்று
ஓர் அடிக்குறிப்பு.
ஒன்றில் சத்துணவு முட்டையும் காக்கையும்.
அந்தக் காக்கையை எனக்கும் தெரியும்.

நிகிலேஷ் நோட்டில்
சூரியன் இருக்கவேண்டிய மூலையில்
ஒரு லாரி.
கீழே: உற்பத்தியாளர்.
லாரியிலிருந்து கோழிக்குடலுக்கு,
குடலிலிருந்து புழுவுக்கு, பருந்துக்கு, நாய்க்கு,
புழுவிலிருந்து கொக்குக்கு.
ஓரத்தில் நேரம்கூட எழுதியிருந்தான்,
ராத்திரி ரெண்டு பத்து.

"உற்பத்தியாளர் பச்சையா இருக்கணும்பா."
"லாரி பச்சைதானுங் மிஸ்."

சிரிப்பு அடங்க நேரம் ஆனது.

"உங்க அப்பா ஓட்டுறதா?"
"இல்லீங். அப்பா ஓட்டுறது போற லாரி.
இது வர்ற லாரி.
போறதுல கோழி உசுரோட இருக்கும்."

பிறகு பாடத்தை நடத்தியது நான் அல்ல.
கோழி எங்கிருந்து? பல்லடம்.
கோழிக்கு என்ன? மக்காச்சோளம்.
சோளம்? எங்க தோட்டத்துல, என்றான் ஒருவன்.
சோளத்துக்கு?
வெயில், என்றது வகுப்பு முழுவதும்,
பதில் தெரிந்துவிட்ட எரிச்சலோடு.
நடுவில் தின்றது யார் என்றேன்.
பிரவிஷா கை தூக்கவில்லை, உட்கார்ந்தபடியே சொன்னாள்:
"சித்தூர்ல எங்க மாமன் வீடு.
ஞாயித்துக்கிழமை நானும் போயிருந்தேன்."
என் டிபன் பாக்ஸிலும்
நேற்றைய குழம்பு இருந்தது. சொல்லவில்லை.

பலகை போதாமல் அம்பு சுவருக்கு ஏறியது.
எல்லையை ஒருமுறை அங்கே தாண்டியது,
ஒருமுறை இங்கே.
சாவடியில் அதற்கு ரசீது கேட்டிருப்பார்களா,
தெரியவில்லை.

நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்முன்
கடைசி அம்பைப் பார்த்தேன்.
நாயிலிருந்து புறப்பட்டு
முழங்காலுக்குக் கீழே ஒரு கால்,
மடித்துவிட்ட சாக்ஸோடு.

மூன்றாம் பெஞ்சில் சுஜிதரன் இடம் காலி.
மூன்றாவது ஊசி இன்று.

அம்பைத் திருப்பிப் போடச் சொல்லலாம்.
கடித்தது தின்றதாகாது,
புத்தகம் அப்படித்தான் சொல்லும்.
சிவப்புப் பேனா மூடியைத் திறந்து
கொஞ்சநேரம் வைத்திருந்தேன்.

ஐந்துக்கு நாலரை.
அரை மார்க், சூரியனை விட்டதற்கு.

மறுநாள் மேஜையருகே வந்து நின்றான்.
"ரெண்டு பத்துக்கு
சூரியன் எங்கீங் மிஸ்?"