வியாகுலம்

அட்டையில் எழுதியிருந்த பேருக்கு
எங்களில் யாருக்கும் வாய் வளையவில்லை.
வியோன்யே, என்றார் கோஷி சார்,
தும்மலை அடக்குகிறவர் மாதிரி.
சவுரியம்மா ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.
ராயப்பன்பட்டிக்காரிக்கு அது
வியாகுலம் என்றுதான் வந்தது.
அன்றிலிருந்து நாற்பது கொடிக்கும் அதே பேர்.

பக்கத்துப் பந்தலில் பன்னீர் திராட்சை
கேட்காமலே காய்க்கும், கருகருவென்று.
இது அப்படியில்லை.
முதல் வருஷம் இலை.
இரண்டாம் வருஷம் சாம்பல் நோய்.
மூன்றாவதில் உள்ளங்கை அகலம் ஒரு குலை,
அதையும் மைனா பார்த்துவிட்டது.

வெள்ளைதான், ஆனால் உடம்பு உள்ள ஒயின், என்பார் சார்.
சாராயத்துக்கு வெறி உண்டு. கள்ளுக்குப் புளிப்பு உண்டு.
உடம்பு எதற்கு?
கேட்கவில்லை. கவாத்துக் கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
பழுத்தால் ஆப்ரிகாட் மணக்குமாம்.
ஆப்ரிகாட்டை நான் எங்கே கண்டேன்?

எனக்குத் தெரிந்தது ஏலக்காய்.
பதினோரு வருஷம் விடியுமுன் ஜீப்பேறி
குமுளி மேட்டுக்குப் போய்வந்த மூக்கு இது.
எந்தச் சாக்கு ஈரம், எது போன வருஷத்தது,
கட்டை அவிழ்க்காமல் சொல்லும்.

மாசிக் கடைசி. சார் கொச்சிக்குப் போயிருந்தார்.
குழல்போல ஒரு கண்ணாடி தந்திருந்தார்;
சாற்றைச் சொட்டி வெளிச்சத்தில் பிடித்தால் எண் தெரியும்.
செவ்வாய்க்கிழமையே எண் வந்துவிட்டது.
அறுத்துரு, என்றார் போனில்.
ஒரு பழத்தை வாயில் போட்டேன்.
சர்க்கரைத் தண்ணீர். ஆள் இல்லாத வீடு.
அறுக்கவில்லை.

புதனும் ஒன்றுமில்லை.
வியாழன் மேற்கே மலை கறுத்தது.
கூடைகளை அடுக்கிவிட்டு அருளாந்து கேட்டான்:
மழ வந்தா யாருக்கா பதில் சொல்றது?

வெள்ளி விடிகாலை
வாய்க்காலைத் தாண்டும்போதே கால் நின்றது.
செண்பகமா? இல்லை.
பலா வெட்டிய வீட்டுக் கொல்லை, கொஞ்சம்.
எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறினதுபோல், அதற்கும் அடியில்.
வெயில் விழுந்த பக்கமெல்லாம் பழத்தில்
தேன்மெழுகு நிறம் ஏறியிருந்தது.
வந்துட்டியா வியாகுலம், என்றேன் சத்தமாகவே.
எட்டு மணிக்குள் நாற்பதையும் அறுத்தோம்.
மழை வரவில்லை. சுருளிப் பக்கம் போய்விட்டது.

மூன்று நாள் தாமதத்துக்குச் சார் ஏசினார்.
புளிப்பு இறங்கிவிட்டதாம்.
அது நிஜம்தான்.

ஐப்பசியில் தொட்டிக்குப் பின்னால்
சில்வர் டம்ளரில் இரண்டு விரல் ஊற்றித் தந்தார்.
வடிகஞ்சி மாதிரி நாக்கில் உட்கார்ந்தது.
விழுங்கின பிறகும் எழுந்து போகவில்லை.
மலையிறங்கின சாயங்காலம்
உலை கொதிக்கிறவரை அடைத்தே கிடக்குமே காது,
அப்படி.

எப்படி, என்றார் சார்.
புளிப்பு கம்மி, என்றேன்.

சவுரியம்மா குடிக்க மாட்டாள்.
மோந்தாவது பார்க்கட்டும் என்று
டம்ளரைக் கழுவாமல் வைத்தேன்.