பழம்: காணப்படவில்லை

யஷ்வந்த்பூருக்கு ரயில் வரும்போதெல்லாம்
மூன்றாம் மாடியில் இரும்பு அலமாரிகள்
லேசாகப் பல்லைக் கடிக்கும்.
உள்ளே நாற்பதாயிரம் செடிகள்
தாளோடு தைக்கப்பட்டுத் தட்டையாய்ப் படுத்திருக்கின்றன.
நாஃப்தலின் வாசம் என் துப்பட்டாவை விட்டுப் போவதில்லை.
பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்
யாரோ பீரோவைத் திறந்ததுபோல் திரும்பிப் பார்ப்பார்.

அந்தக் கட்டை நான் அவிழ்த்தது
உண்மையைச் சொன்னால், செடிக்காக அல்ல.
சுற்றியிருந்த செய்தித்தாள் தமிழ்.
அந்த மாடியில் வேறு யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது.
பதினொரு வருடத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை:
தங்கம் விலை, கிணற்றில் விழுந்த மாடு,
ஓரத்தில் ஒரு கட்டம்.
காணவில்லை.
பெயர் செங்கோடன். வயது முப்பத்துநாலு.
உயரம் ஐந்தடி நாலங்குலம். மாநிறம்.
இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு.
கடைசியாகக் கட்டம் போட்ட சட்டை அணிந்திருந்தார்.

படத்தில் அவர் நெற்றிமேல் ஓர் இலை ஒட்டிக்கிடந்தது.
பிரித்தெடுக்கும்போதுதான் பார்த்தேன்,
அடிப்பக்கம், நரம்பு கிளைக்கும் கக்கங்களில்
மயிரடர்ந்த சின்னச் சின்னக் குழிகள்.
இந்தப் பேரினத்தில்
இருக்கக் கூடாத குழிகள்.
அன்று பிசிபேளாபாத் ஆறிப்போனது.

இரண்டு வருடம்.
மேகத்தை இலையால் வடித்துக் குடித்த மரம்.
அதன் கிளை கிடக்கும் அறையில்
ஈரம் உறிஞ்சும் இயந்திரம் இரவும் பகலும் ஓடும்.
ஆறு மணிக்கு அதன் வாளியைக் கவிழ்ப்பது என் வேலை.
என்ன தண்ணீர் அது, யாருடையது
என்று யோசிக்காமல் ஊற்ற
கொஞ்ச நாள் பழக வேண்டியிருந்தது.
இந்த ஊரில் தரையிறங்கும் மேகம் ஒன்றுதான்,
மழைக்காலத்தில் பெள்ளந்தூர் ஏரியிலிருந்து
சாலைக்குப் பறந்துவரும் நுரை.

இடுகுறிப்பெயருக்கு உதாரணம் கேட்டால்
மண், மரம் என்று வகுப்பில் ஒப்பிப்போம்.
காரணமில்லாமல் இட்ட பெயர் மரம்.
இப்போது லத்தீனில் ஒரு காரணம் வேண்டும்.
நிதி கொடுத்தவரின் பெயரை
இயக்குநர் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார்.
மலையில் கிளை வெட்டித் தந்த சிக்கமல்லனைக் கேட்டேன்.
"அதுவா? ஆகாத மரம் மேடம்.
வெறகுக்கு ஆகாது, சும்மா புகையும்.
மம்பட்டிக் காம்புக்கு ஆகாது. ஆடும் தின்னாது."
இனுடிலிஸ் என்று வைத்தேன்.
காரணப்பெயர்தான்,
இன்னும் வெட்டுப்படாத காரணத்தையும் சேர்த்து.

உயரம் பதினான்கு மீட்டர். பட்டை சாம்பல், பாசி மூடியது.
இலைக்காம்பில் ஒரு பக்கம் மட்டும் பள்ளம்.
பூ வெளிர்மஞ்சள், காய்ந்தால் காப்பித்தூள் நிறம்.
மகரந்தத்தாள் பதினேழு; ஒரே ஒரு பூவில் பதினெட்டு.
(வனமாலா அதையும் வரைந்தாள்,
பூ தப்பு செய்யாது, நாம்தான் என்று.)
கடைசியாகக் காணப்பட்ட இடம்:
மலையின் பெயரோடு நிறுத்திக்கொண்டோம்.
அறியப்பட்டவை மூன்று மரங்கள்.
பழம்: காணப்படவில்லை.

எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம்
அந்த நடை எங்கே படித்தது என்று யோசித்தேன்.
பிறகு விளம்பரத்தின் எண்ணுக்கு அடித்தேன்.
ஆறு இலக்கம். உபயோகத்தில் இல்லை என்றாள் ஒருத்தி,
முதலில் தமிழில், அப்புறம் ஆங்கிலத்தில்.
விதிப்படி பழைய தாள் குப்பைக்குப் போக வேண்டும்.
உதிர்ந்த இதழ்களுக்காகத் தாளில் ஒட்டும் சின்ன உறைக்குள்
செங்கோடனை மடித்து வைத்தேன்.
இனி அந்த இனம் உள்ளவரை
அவரும் அலமாரியில்.

கட்டுரை வெளியாகி மூன்றாம் நாள்,
சில்க் போர்டு சிக்னல்.
சிக்கமல்லன் கூப்பிட்டார்.
"பழம் விழுந்திருக்கு மேடம்."
"போட்டோ எடுத்தீங்களா?"
"இல்லியே. வாயில இருக்கு."
"எப்படி இருக்கு?"
பின்னாலிருந்து எல்லா ஹாரனும்.
மலைமேல் அவர் மெல்லுவது கேட்டது.
"தொவர்ப்பு. ஆனா கொஞ்சம் பொறுத்தா..."
"கொட்டையைத் துப்பிடாதீங்க!" என்று கத்தினேன்.
ஆட்டோ ஓட்டுநருக்குத் தமிழ் தெரியும்போல.
மென்றுகொண்டிருந்ததை
அப்படியே நிறுத்தினார்.