விரல் செய்தவன்

இயந்திரத்துக்கு விரல் கிடையாது என்பது
போட்டிக்கு முந்தின சாயங்காலம்தான்
அவர்களுக்கு உறைத்தது.
பெங்களூரிலிருந்து வந்த பையன்கள் மூன்று பேர்
கழனிவாசல் முக்கில், என் சவுண்ட் சர்வீஸ் வாசலில் நின்று
"அண்ணே, பஸ்ஸர் அமுக்க ஏதாவது" என்றார்கள்.

செத்துப்போன வாஷிங் மெஷினில்
தண்ணீர் திறந்துவிடும் காந்தச் சுருள் ஒன்று கிடந்தது.
கரண்ட் போனால் கம்பி குத்தும், நின்றால் பின்வாங்கும்.
நுனிக்குச் சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டினேன்.
ராத்திரி ஒன்றரைக்கு அது
டொக் என்றது.
தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

எதிரே சிகப்பி.
தேவகோட்டை எல்.ஐ.சி.யில் வேலை.
ஒன்பது வருஷமாக மாவட்டத்தில்
அவரை முந்தி மணியடித்தவர் இல்லை.
பரிசாக வந்த கிரைண்டர்கள்
எத்தனையோ கல்யாணங்களுக்கு மொய்யாகப் போயிருக்கின்றன.

செக்காலை ரோட்டு மண்டபம், முகூர்த்தம் இல்லாத ஞாயிறு.
மணமேடையில் இரண்டு மேஜை.
ஒன்றில் கண்டாங்கிச் சேலையும் சுக்குத் தண்ணியும்.
ஒன்றில் கறுப்பு ஸ்பீக்கர் பெட்டி,
பக்கத்தில் என் விரல்.

பிரான்மலையின் பழைய பெயர் என்ன? டொக்.
ஐராவதி எந்தக் கடலில் கலக்கிறது? டொக்.
சிகப்பியின் உதடு விடையைச் சொல்லி முடித்திருக்கும்,
கட்டைவிரல் பாதி வழியில் நிற்கும்.
சனம் முதலில் அதற்குக் கைதட்டியது,
பிறகு தட்டவில்லை.

இடைவேளையில் நேரே என்னிடம் வந்தார்.
"இதுக்கு எவ்வளவு நேரம் ஆகுது?"
"எட்டு மில்லி செகண்ட், ஆச்சி."
"எனக்கு?"
"இருநூறு. யாருக்கானாலும்."
முதிர்வுத் தேதியைக் கேட்டுக்கொண்ட வாடிக்கையாளர் போலத்
தலையாட்டினார்.

பெட்டிக்குள் ஒரு திருகு இருந்தது.
வலப்பக்கம் அரைச் சுற்று விட்டால்
விரல் கால் செகண்ட் தூங்கும்.
ஸ்க்ரூடிரைவர் என் பையில்.
பையன்கள் வெள்ளைப் பணியாரத்தில் மூழ்கியிருந்தார்கள்.

சுற்றவில்லை.
நேர்மை என்று நினைத்துவிட வேண்டாம்.
என் கையால் செய்ததில்
முதன்முதலாக ஜெயித்துக்கொண்டிருந்த பொருள் அது.

மறுபாதியில் சிகப்பி கேள்வியைக் கேட்கவில்லை,
கேட்கிறவரைக் கேட்டார்.
லைப்ரரியன் ஜெபமணி பொறி வைக்குமுன்
சின்னதாக ஒரு மூச்சு இழுப்பார்.
இயந்திரத்துக்கு அந்த மூச்சு போகவில்லை.
கேள்வி முடிந்தபின் எழுத்து மட்டும்தான் போகும்.

"ஆத்தங்குடிக் கல்..."
சிகப்பியின் மணி.
"சுடுவதே இல்லை."
ஜெபமணி தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்,
மிச்சத்தை வாசித்தார்:
"எத்தனை டிகிரியில் சுடப்படுகிறது?"
மண்டபத்தின் தகரக் கூரை அதிர்ந்தது.

அப்படியே ஏழு கேள்வி.
பாதியில், கால்வாசியில், ஒரு தடவை
வெறும் செருமலிலேயே.
தப்பினால் பத்து மார்க் போகும். போகவில்லை.
கடைசிக்கு வந்தபோது இருவரும் சமம்.

"ஒன்பது..." என்றார் ஜெபமணி.
மணி.
"நகரத்தார் கோயில்கள். முதல் கோயில் இளையாற்றங்குடி."
ஜெபமணிக்கு இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை.
"...கோள்கள் எட்டாகக் குறைந்த ஆண்டு எது?"

டொக்.

பொன்னாடையை ஸ்பீக்கர் பெட்டிக்குப் போர்த்தினார்கள்.
ஃபேன் காற்றில் நழுவிக் கீழே விழுந்தது.
மறுபடி போர்த்த யாரும் போகவில்லை.
இரண்டாம் பரிசு
வழக்கம்போல் கிரைண்டர்.

பெட்டியைக் காரில் ஏற்றிய பையன்கள்
விரலை மறந்துவிட்டுப் போனார்கள்.

புதன்கிழமை சிகப்பி கடைக்கு வந்தார்.
ஒரு மாசத்துக்கு விரலை வாடகைக்குக் கேட்டார்.
வாடகை பேசுமுன் வாய் தவறி,
வாய் தவறித்தானா தெரியவில்லை,
திருகு விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார்.
பிறகு பெட்டிக்குள் குனிந்து,
"அந்தப் பக்கம் தூங்கும். சரி.
இந்தப் பக்கம் சுத்தினா?"
"இன்னும் வேகம், ஆச்சி."

கைப்பையைக் கீழே வைத்தார்.
"சுத்துங்க" என்றார்.