கிழக்கு, திருத்தப்பட்டது

வாட்டர் ஹீட்டருக்குப் பின்னால்
சுருட்டிச் செருகியிருந்தது வரைபடம்.
எண்ணெய்த்தாள் போல மெல்லிய தாள், பென்சில் கோடுகள்,
ஓரத்தை எலி கடித்திருந்தது.
மூலையில் கட்டை எழுத்தில்:
ஆர்வல் டீடமன், கிராண்ட் ஐலண்ட், நெப்ராஸ்கா, 1956.

நான்கு மாவட்டம் தாண்டினால்
அவரை யாருக்கும் தெரியாது.
ஒரு வங்கி, இரண்டு லூத்தரன் தேவாலயம்,
ஒரு பள்ளிக்கூடம் (இடித்தாயிற்று),
மக்காச்சோள வயல்கள் மனைகளான வருடங்களில்
இப்படி முப்பது வீடு.
தட்டைக் கூரை. தரையிலிருந்து உத்தரம்வரை கண்ணாடி.
கார் நிற்க, நான்கு இரும்புக் கால்மேல் ஒரு நிழல்.
சமவெளிக்கு எதற்கு உயரம் என்பாராம்.

விரித்துப் பார்த்தேன்.
என் வீடுதான். ஆனால்
கண்ணாடியில் தெரிகிற முகம்போல
எல்லாம் இடம் வலம் மாறி.

முதலில் குடியிருந்தவர்களின் மகள்
டாரிஸ் வொன்ட்ராச்செக்குக்குப் போன் செய்தேன்.
சிரித்தாள்.
மேஸ்திரி எமில் குபிக்
தாளைத் திருப்பிப் பிடித்துப் படித்துவிட்டாராம்.
வெந்நீர்க் குழாய் புதைத்து, கான்கிரீட் ஊற்றி,
அது இறுகியும்விட்ட சனிக்கிழமை
டீடமன் வந்தார்.
ஒரு சிகரெட் தீரும்வரை நின்றார்.
குபிக்கை ஒரு வார்த்தை சொல்லவில்லை.
ஏனென்று அவளுக்குத் தெரியாது.
“அம்மாதான் இருபது வருஷம் திட்டினாள்.
காலைக் காபி இருட்டில்,
பாத்திரம் கழுவினால் கண்ணில் வெயில்.”

போனை வைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.
திசைக்குறிக்குப் பக்கத்தில் தாள் தேய்ந்திருக்கிறது.
கிழக்கை ரப்பரால் அழித்து
மேற்கு என்று எழுதியிருக்கிறார்.
அதே கட்டை எழுத்து, அதே அழுத்தம்.
வடக்கு மேலே, மேற்கு வலப்பக்கம்:
பூமியில் எங்கும் இல்லாத ஒரு மனை.
அதில்தான் நான் வரி கட்டுகிறேன்.

நான் இரவுப்பணி நர்ஸ்.
விடிந்து வீடு வந்தால்
படுக்கையறையில் சூரியன் குத்துகிறது.
கம்பளியை ஜன்னலில் ஆணியடித்துத் தூங்குகிறேன்.
சாயங்காலம் ஐந்துக்கு எழுந்து
முட்டை உடைக்கிறேன்.
அப்போது கண்ணாடி முழுக்க வெயில் வந்து
மஞ்சள் ஃபார்மைக்கா மேசையில், உப்புக்குப்பியில்,
என் கையில் இன்னும் போகாத கையுறைத் தடத்தில்
உட்காருகிறது.
வீட்டில் வேறு யாரும் அதை
காலை என்று சொல்லமாட்டார்கள்.
வேறு யாரும் இல்லை.

கூரைக்குத்தான் அவர்
திருத்தம் எதுவும் எழுதிவைக்கவில்லை.
மார்ச்சில் பனி உருகத் தொடங்கினால்
ஹாலில் மூன்று வாளி.