நாலாம் குறுக்குத் தெரு நாட்டாமை

அக்கரையில் நாட்டாமை என்றால்
தீர்ப்புச் சொல்கிறவராம்.
புறக்கோட்டையில் அவன்
முதுகில் வெங்காயத்தோடு
"ஓரம், ஓரம்" என்று கத்துகிறவன்.

புது மனேஜர் தினிது. கழுத்தில் அட்டை,
கையில் டெப்லட்.
"மிளகாய் லொறியை முதலில் இறக்கு" என்றார்.
ஒருவரும் அசையவில்லை.
ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கே வெட்கமாகிவிட்டது.
கேட்டு வாங்கிய பார்வையா அது?
தம்புள்ளைக்காரனின் மூட்டை
ஒன்றரைக் கிலோ கூடுதலாய் நின்றபோது
முதலாளி இருமியதைக் கேளாதவன்போல
கூடுதல் என்று உரக்கச் சொன்னேன். அவ்வளவுதான்.
ரிஸ்மிக்குத் தோள் விலகிய மாதம்
அவன் வண்டியையும் இழுத்தேன்.
எந்தச் சாரதிக்கு எப்போது பசிக்கும் என்று தெரியும்.
இதெல்லாம் ஒரு பதவியா?

முகத்துவாரப் பக்கம் வானம் கறுத்து நின்றது.
"ஹரி மஹத்தயா" என்றேன்.
பிறகு பெடியன்களிடம், அவருக்கும் விளங்கட்டுமென்று
சிங்களத்திலேயே:
"மிளகாய்தான் முதலில். மழை விட்ட பிறகு."

அவர் அண்ணாந்து பார்த்தார்.
டெப்லட்டைச் சேர்ட்டுக்குள் செருகிக்கொண்டு
படங்கின் ஒரு முனையைப் பிடித்தார்.

இப்போதெல்லாம் காலையில் வாசலுக்கு வந்து
"மச்சான், என்ன யோசனை?" என்று கேட்டுவிட்டுத்தான்
உள்ளே போய் உத்தரவு எழுதுகிறார்.
கீழே அவர் கையெழுத்து. இருக்கட்டும்.

கூலித் தாளில் மட்டும் நான்
பதினொரு வருடமாய் மரிநேசன்.
நடுவில் ஒரு 'ய' விடுபட்டிருக்கிறது.
திருத்தச் சொல்ல
இன்னும் வாய் வரவில்லை.