தொய்வு

முதலில் பல்மேல்தான் பழி விழுந்தது.
செப்டம்பரில் கடைவாயில் ஒன்றைப் பிடுங்கிப்போட்டார்கள்.
பல் நிரபராதி.
இடது கன்னம் மரத்தது மரத்தபடி இருக்க,
காப்பி பாதி நாக்கில் மட்டும் கசந்தது.

இப்போது நவம்பர் கடைசி.
ஔலு மருத்துவமனை, மூன்றாம் மாடி.
மூன்றரை மணிக்கே ஜன்னலில் இருட்டு.
என் கையில் ராய்லி எழுதிய தாள்,
ஒன்பது கேள்விகள், எண் போட்டு.
ஆறாவதின் கீழ் மட்டும் இரண்டு கோடு.
அதைக் கேட்கமாட்டேன் என்று
காரில் வரும்போதே சொல்லியிருந்தேன்.

டாக்டர் துயிரே அதன் பெயரைச் சொன்னார்.
நீளமான சொற்களுக்குப் பேர்போன மொழி எங்களுடையது,
நாங்களே மூச்சு வாங்குகிற நீளம்.
"இன்னொரு முறை, மெதுவாக."
எழுதியே கொடுத்தார்:
அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா.
உமிழ்நீர்ச் சுரப்பியில் பிறப்பது.
அவசரமே இல்லாதது.
நரம்பைப் பிடித்துக்கொண்டு நடப்பது.

தாளின் பின்புறம் ஒரு கோடு இழுத்து
இதுதான் நரம்பு என்றார்.
முப்பத்தோரு வருடம் மின்கம்பி இழுத்தவன் நான்,
வாய் சும்மா இருக்கவில்லை.
"கம்பி இவ்வளவு நேராகப் போகாது, டாக்டர்.
தொய்வு விட்டுத்தான் கட்டுவோம்.
ஜூலையில் விறைப்பாக இழுத்தால்
ஜனவரிக் குளிரில் சுருங்கி அறுந்துவிடும்."
அவர் என்னைப் பார்த்தார்.
கீழே இன்னொரு கோடு வரைந்தார்,
கொஞ்சம் தொங்கவிட்டு.

அறுவை. பிறகு கதிர்வீச்சு.
பிறகு வருடக்கணக்கில் நுரையீரலைப் படம் எடுத்துப் பார்ப்பது.
திரும்பி வருமா?
"தெரியாது."
முகம் கோணுமா?
"கொஞ்சம் கோணலாம். எவ்வளவு என்று தெரியாது."
"நீங்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள்?" ராய்லிதான் கேட்டாள்.
"இரண்டு பேர். இவர் மூன்றாவது.
ஒருவர் ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் வருகிறார்,
ஒரு டப்பா லிங்கன்பெர்ரியோடு."
"மற்றவர்?"
"இல்லை."
அந்தச் சொல்லுக்கு அவர் ஒட்டுப்போடவில்லை.

மேஜைக்கடியில் ராய்லியின் பூட்ஸ்
என் பூட்ஸை இடித்தது.
ஆறு.
கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்:
"உங்களைவிட இதை அதிகம் பார்த்தவர்
யாராவது இருக்கிறாரா?"

கோபம் வரும் என்று நினைத்தேன்.
தோளில் இருந்த ஏணியை
யாரோ மறுமுனையில் பிடித்துக்கொண்டாற்போல
அவர் முகம் இளகியது.
"ஹெல்சிங்கியில் ஒருவர் இருக்கிறார்.
இன்றிரவே எழுதுகிறேன்.
முதல் கத்தி யார் கையில் என்பது முக்கியம்."

கம்பத்தடியில் நின்று
"லைன் நிறுத்தியாச்சு, நிச்சயம், ஏறு" என்பவனோடு
நான் ஏறியதில்லை.
"தெரியலை, இன்னொரு தரம் பார்த்துவிட்டு வர்றேன்"
என்று பனியில் திரும்பி நடந்தவர்களோடுதான்
இத்தனை வருடம் கைகால் முழுசாக இறங்கியிருக்கிறேன்.
டாக்டர் துயிரே அன்று நான்கு முறை சொன்னார்
தெரியாது என்று.
எண்ணிக்கொண்டிருந்தேன்.

வெளியே மைனஸ் பதினான்கு.
எஞ்சினைச் சூடாக வைத்திருந்த வயரை
கம்பத்திலிருந்து பிடுங்கி
முழங்கையில் சுற்றினேன்,
எங்காவது வெடிப்பு இருக்கிறதா என்று தடவியபடி.
பழக்கம்.

ராய்லி ஸ்டியரிங்கில்.
"ஒன்பதாவதைக் கேட்கவே இல்லையே நீ."
தாளைப் பிரித்தேன்.
'படகை விற்றுவிடமாட்டாயே?'
"இதை டாக்டரிடமா கேட்பது?"
"உன்னிடம்தான்."

வண்டி முதல் திருகலிலேயே கிளம்பிவிட்டது.
எனக்குத்தான் நேரம் பிடித்தது.
"தெரியாது" என்றேன்.
சரி என்று வைப்பரைப் போட்டாள்.