முழங்கால் கணக்கு

பத்தொன்பது வருடம் இந்தப் பாறையின் அடியில்
பஸ் ஓட்டியிருக்கிறேன்.
பேன்யா நிறுத்தம். கதவு திறக்கும், பெருமூச்சுவிட்டு மூடும்.
ஏறுகிறவர்களில் பாதிப்பேர் சிலுவை போட்டுக்கொள்வார்கள்.
நான் கண்ணாடியில் பின்சக்கரத்தைப் பார்ப்பேன்.
ரியோவில் ஓட்டுகிறவன் அண்ணாந்து பார்த்தால்
யார்மீதாவது ஏற்றிவிடுவான்.

இன்று அண்ணாந்தேன்.
பாறையை வெட்டி இறக்கிய படிகள்,
முந்நூற்று எண்பத்திரண்டு.
உச்சியில் இரட்டைக் கோபுரம்,
பிள்ளைகளுக்கு எட்டாதபடி
அலமாரிமேல் வைத்த ஜாடிபோல.

நேர்ச்சை என்னுடையதல்ல, ஜுரேமாவுடையது.
பஸ்ஸைக் கொளுத்திய அந்த ராத்திரி
நான் உயிரோடு வந்தால் முழங்காலில் ஏறுவதாக
மாதாவிடம் சொல்லியிருக்கிறாள்,
என்னிடம் சொல்லாமல்.
பதினோரு வருடம் வட்டி ஏறிக் கிடந்தது.
அதற்குள் அவள் வலது முழங்காலில்
டாக்டர் இரும்பு வைத்துவிட்டார்.
"பிழைத்தது நீ. நீயே கட்டு" என்று
கடலைப் பொட்டலத்தோடு
இழுவை வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்
ராணி மாதிரி.

அடிவாரத்தில் மைக்கோன் என்றொரு பையன்
அட்டை விற்கிறான்.
"பிரிட்ஜ் பெட்டி அட்டை, மாமா,
டிவி அட்டையைவிடத் தடிமன்."
ஐந்து ரெயால். மூன்றுக்குக் கேட்டேன்.
மாதா வாசலில் பேரமா என்றான்.
முதலில் பேரம் பேசியது
என் பெண்டாட்டியும் அவளும்தானே என்றேன்.

முதல் முப்பது படி வீம்பு.
அதற்குப் பிறகு முழங்காலைத் தவிர
உடம்பில் வேறொன்றும் இல்லை.
எனக்கு முன்னால் ஒரு பெண்,
கல்யாண உடையின் விளிம்பெல்லாம் மண்.
அவள் செருப்பைத் தூக்கிக்கொண்டு புருஷன்.
யாரும் யாரையும் முந்தவில்லை, ஹாரன் இல்லை.
இந்த நகரத்தில் அப்படியொரு போக்குவரத்தை
நான் பார்த்ததே கிடையாது.

நூற்றுப் பதினேழாவது படியில்
எழுந்து நின்றுவிட்டேன்.
மறைக்க என்ன இருக்கிறது? எழுந்தேன், நடந்தேன்.
பாறையில் ஒரு பல்லி தலையாட்டியது.
பாம்பிடமிருந்து ஒரு மனிதனைக் காத்த பல்லியென்று
இங்கே கதை உண்டு.
இது அதன் வம்சமாக இருக்கலாம்.
காட்டிக்கொடுக்கிற ஜாதியாகவும் இருக்கலாம்.

மேலே நேர்ச்சை அறை.
மெழுகுக் கால்கள், மெழுகுத் தலைகள்,
பிளந்துபோன ஒரு ஹெல்மெட்,
யாரோ தேறிய பரீட்சையின் மதிப்பெண் தாள்.
நடுவில் ஜுரேமா.
எத்தனை படி முழங்காலில் என்று கேட்கவில்லை.
"அன்றைக்கு
கடைசியாக இறங்கியது யார்?" என்றாள்.

போலீசுக்குச் சொல்லியிருக்கிறேன்.
கம்பெனிக்கு மூன்று பிரதி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஒரு ஆள், என்றேன். மடியில் பிறந்தநாள் கேக்.
நீலக் கிரீமில் ஏதோ பெயர், முழுதாகப் படிக்கவில்லை.
கேக்கை விடமாட்டேன் என்றான்.
சட்டையைப் பிடித்து இழுத்தேன்.
ஆள் வந்தான். கேக் வரவில்லை.
அப்புறம் டயர் நாற்றத்துக்கும்
பெட்ரோல் நாற்றத்துக்கும் மேலே
சர்க்கரை கருகுகிற வாசனை.
அதைத்தான் சொல்ல முடியாமல் போயிற்று, ஜுரேமா.
அது நன்றாக இருந்தது.

அவள் உள்ளங்கையில் இருந்த
கடலைத் தோலை ஊதினாள்.
"பதினோரு பிறந்தநாள்.
சர்க்கரை வியாதி, என்னிடம் மறைக்கிறாய்
என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், மடையா."

சுற்றுச்சுவரில் சாய்ந்து நின்றோம்.
பூசாத செங்கல் வீடுகள், நீலத் தண்ணீர்த் தொட்டிகள்,
அவற்றுக்கப்பால் வளைகுடா,
இறங்கலாமா என்று யோசிக்கிற விமானம்.
எங்கோ பட்டாசோ துப்பாக்கியோ.
யாரும் திரும்பவில்லை.

மீதி இருநூற்று அறுபத்தைந்து படிக்கு
மாதாவிடம் தவணை கேட்டேன்.
பதில் இல்லை; மறுக்கவும் இல்லை.

கீழே நிறுத்தத்தில் என் தடத்துப் பஸ்,
தீப்பெட்டி அளவு.
கதவு திறந்தது தெரிந்தது, பெருமூச்சு கேட்கவில்லை.
கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.
நாலு நிமிடம் தாமதம்.